படுத்து எழுந்ததும் பார்த்த பிரஷர்

ஆனித் திருவிழா சமயத்தில் திருநெல்வேலியில் பொருட்காட்சி போடுவார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், வளையல் கடை எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் கால் அமுக்கும் மெஷின் ஸ்டால் ஒன்று கண்ணில் படும். வயதானவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார்ந்து, அதிர்கிற பலகைமேல் பாதத்தை வைத்திருப்பார்கள். எழுந்ததும் ஒரு பையன் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பான். வரும்போது 158, இப்போது 142. "பாருங்கய்யா, பதினாறு பாயிண்ட் குறைஞ்சிருக்கு" என்பான். ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிடும். அதே வேகத்தில் பர்ஸும் திறந்துவிடும்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. 158 நிஜம், 142-ம் நிஜம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது அளந்தது?

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனை கைகளில் அந்தப் பட்டையைச் சுற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. பிரஷர் ஒரே இடத்தில் நிற்கிற எண் கிடையாது. மாடிப்படி ஏறி வந்தவருக்கு ஒன்று காட்டும், ஐந்து நிமிடம் உட்காரவைத்தால் வேறொன்று காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் ஏறும். கால்மேல் கால் போட்டிருந்தால் ஏறும். பேசிக்கொண்டே இருந்தாலும் ஏறும். எங்கள் ஊரில் பிரஷர் பார்க்கும்போது பேசாமல் இருக்க வைப்பதுதான் பெரும் பாடு. வெயிலில், கூட்டத்தில் இடிபட்டு, பேரப்பிள்ளையைத் தேடி அலைந்து வந்தவரை இருபது நிமிடம் நாற்காலியில் உட்காரவைத்தால், காலடியில் மெஷின் இல்லாவிட்டாலும் நாலு பாயிண்ட் இறங்கத்தான் செய்யும்.

இந்த அளவைக் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் முறையே அவ்வளவு பழையதில்லை. 1896-ல் இத்தாலியின் துரின் நகரத்தில் ரிவா-ரோச்சி என்ற மருத்துவர் காற்றடைத்த பட்டையும் பாதரசமும் சேர்ந்த கருவியைச் செய்தார். அதில் மேல் அளவு மட்டும்தான் தெரிந்தது. 1905-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிக்கொலாய் கொரட்கோஃப் என்ற ராணுவ மருத்துவர் முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பட்டையின் காற்று இறங்க இறங்க 'டப் டப்' என்று சத்தம் தொடங்குவது மேல் அளவு, சத்தம் அடங்குவது கீழ் அளவு. நாங்கள் பயிற்சியில் படித்தது அந்தச் சத்தத்தைத்தான். இப்போதைய பேட்டரி மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை, ரத்தக்குழாயின் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆனால் சொல்வது அதே இரண்டு எண்கள்தான்.

பாதத்தை அமுக்கி நோய் தீர்க்கும் ரிஃப்ளெக்ஸாலஜியும் ஏறக்குறைய அந்தத் தலைமுறையில் உருவானதுதான். பழங்காலச் சீனத்திலிருந்தும் எகிப்திலிருந்தும் வந்தது என்று விளம்பரத்தில் போடுவார்கள். கால் பிடித்துவிடுவது எல்லா நாட்டிலும் உண்டு, நம் பாட்டிமார்களுக்குப் பேரன்மார் செய்யாததா? ஆனால் பாதத்தில் இந்த இடம் சிறுநீரகம், இந்த இடம் கல்லீரல் என்று வரைந்த படம் அமெரிக்காவில் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு, உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பத்து மண்டலங்களாகப் பிரித்து, ஓரிடத்தை அமுக்கினால் அதே மண்டலத்தில் வேறோர் இடத்தில் வலி குறையும் என்றார். 1917-ல் எட்வின் பவர்ஸ் என்பவரோடு சேர்ந்து புத்தகமும் போட்டார். யூனிஸ் இங்ஹாம் என்ற பெண் அந்த மண்டலங்களைப் பாதத்துக்குக் கொண்டுவந்து உறுப்பு உறுப்பாகப் படம் தீட்டி, 1938-ல் தன் முதல் புத்தகத்தை வெளியிட்டார். அவர் வழிவந்த பயிற்சி நிறுவனம் இருக்கும் ஊரின் பெயரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான். இது ஃபுளோரிடாவில் இருக்கிறது. பிரஷர் சத்தம் கேட்ட ஊருக்கும் பாதப் படத்தின் ஊருக்கும் ஒரே பெயர் அமைந்ததில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

ஆசியாவில் இது பரவியதற்கு ஒரு பாதிரியாரும் காரணம். சுவிட்சர்லாந்திலிருந்து தைவானுக்குப் போன யோசஃப் ஓய்க்ஸ்டர், தன் மூட்டு வலிக்குப் பாதத்தை அமுக்கிப் பார்த்து, குணம் தெரிந்ததாக நம்பி, ஊராருக்கும் கற்றுக்கொடுத்தார். இன்றைக்குத் தைவானில் தெருவுக்குத் தெரு கால் அமுக்கும் கடை. சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே கூழாங்கல் பதித்த பாதை போட்டு, பக்கத்தில் பாதப் படத்தையும் வைத்திருக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போய்த் திரும்பிய நம் ஆட்கள் சொல்லிச் சொல்லியும் இது இங்கே பழகிவிட்டது.

என் மதினி பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் இந்தத் தொழில்தான் செய்கிறார். முறையாகப் பயிற்சி எடுத்தவர். வந்தவர் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, பாயில் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுப்பார். பெருவிரல் நுனியைக் கம்பளிப்பூச்சி நகர்கிற மாதிரி மடக்கி மடக்கிக் குதிகாலிலிருந்து விரல்வரை ஊர்ந்துகொண்டே போவார். இடது பாதத்தில் விரல்களுக்குக் கீழே உள்ள மேடு இதயமாம். நடுப்பாதத்து வளைவு சிறுநீரகமாம். மேட்டுக்கும் வளைவுக்கும் நடுவே உள்ள குழியை அழுத்திக்கொண்டு, "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்பார். பிரஷர்காரர்களுக்கு அந்தக் குழிதான் முக்கியம் என்பது அவர் பாடம்.

"இங்கன அமுக்குனா வலிக்கா?"

"வலிக்குக்கா."

"அதான். கிட்னி சோர்ந்திருக்கு."

வலிக்குது என்றவர் காலையிலிருந்து ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்த்த பெண். எனக்குத் தெரிந்து அந்த வளைவில் யாரை அமுக்கினாலும் வலிக்கும். ஆனால் அரை மணி நேரத்தில் அந்தப் பெண் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார் என்பதையும் பார்த்தேன்.

பாதத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே அப்படியொரு கம்பி ஓடுவதாக உடற்கூற்றில் யாரும் காட்டியதில்லை. அது இருக்கட்டும், வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதானே முக்கியம்? இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்திலிருந்த எட்சார்டு எர்ன்ஸ்ட், ரிஃப்ளெக்ஸாலஜி பற்றிய பரிசோதனைகளை 2009-லும் 2011-லும் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று எழுதினார். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் சுவாரசியமான சோதனை ஒன்று செய்தார்கள். ஒரு தடவை 'இதயப் புள்ளி' உள்ள மேட்டை அமுக்குவது, இன்னொரு தடவை இதயத்துக்குச் சம்பந்தமில்லாத குதிகாலை அமுக்குவது. நோய் இல்லாதவர்களிடம் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. இதய நோயாளிகளிடம் அதுவும் தெரியவில்லை. எந்த இடம் என்பதில்தான் ரிஃப்ளெக்ஸாலஜியின் உயிரே இருக்கிறது. இடம் மாறியும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், நடப்பது நல்ல கால் பிடித்தல், அவ்வளவுதான்.

மதினியிடம் இதைச் சொன்னபோது கோபப்படவில்லை. "நீயே அளந்து பாரேன்" என்றார். அளந்தோம். அவரிடம் வாடிக்கையாக வரும் சிலர் சம்மதித்தார்கள். ஒரு நாள் அமுக்கிவிட்டு அளவு, இன்னொரு நாள் அதே பாய், அதே தலையணை, அதே ஃபேன், பாதத்தைத் தொடாமல் அதே நேரம் படுத்திருந்துவிட்டு அளவு. இறக்கம் இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தால் எல்லோருக்கும் பழைய அளவு. முன்னறையில் இரண்டு பெண்கள் செய்து பார்த்ததற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்க முடியாது. எங்களுக்குப் புரிய அது போதுமானதாக இருந்தது.

"ஏட்டி, அப்போ நான் செய்யுதது பூரா வேஸ்ட்டா?"

"வேஸ்ட்டுன்னா அவங்க ஏன் மதினி அப்படித் தூங்குதாங்க?"

அது நான் சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. கவலையும் தூக்கக்கேடும் பிரஷர்காரருக்கு நல்லதில்லை. அரை மணி நேரம் ஒருவர் பரிவோடு காலைத் தொட்டுக் கவனிப்பது நம் வயதானவர்களில் பலருக்கு வீட்டில் கிடைக்காத ஒன்று. அதற்குக் காசு கொடுப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். 'மாத்திரையை நிறுத்திடலாம்' என்று யாராவது சொல்லும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அட்டெனலால், மெட்டோபுரலால் வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் நாடி எகிறும், நெஞ்சுவலியே வரலாம். கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியது.

பிரஷரைக் குறைக்கச் சொல்லப்படும் இன்னொரு வழியான நடைக்கு இனி வருகிறேன். இங்கே சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதில் மறுநாள் அளந்தாலும் கொஞ்சம் கையில் நிற்கிறது.

1953-ல் லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுவார். சம்பளம், சாப்பாடு, ஊர் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மாரடைப்பு மட்டும் கண்டக்டர்களுக்குக் குறைவு. மாரிஸ் அதோடு விடவில்லை. டிரைவர் வேலைக்கு வருகிறவர்களே ஆரம்பத்திலிருந்து பருமனானவர்களோ என்று சந்தேகப்பட்டு, போக்குவரத்துக் கழகம் தைத்துக்கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுப் பதிவை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை பெரிதாகத்தான் இருந்தது. தன் முடிவைத் தானே குடைந்து பார்க்கிற இந்தக் குணத்துக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். பிறகு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ விதமாகப் பார்த்தும், உழைக்கிற உடம்புக்குச் சாதகமாகவே பதில் வந்தது. 'ஏரோபிக்ஸ்' என்ற பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அமெரிக்க விமானப் படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் எழுதிய புத்தகம். பெயரைக் கேட்டு டிவியில் பாட்டுப் போட்டுக் குதிப்பது என்று மிரள வேண்டாம். பெரிய தசைகளைத் தொடர்ந்து சீராக இயக்கி, மூச்சும் நாடியும் கூடும்படி செய்கிற எதுவும் அதுதான். வேக நடை, சைக்கிள், நீச்சல் மூன்றும் சேர்த்தி.

நடக்கும்போது பிரஷரின் மேல் அளவு ஏறத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், தசைக்கு ரத்தம் வேண்டியிருக்கிறது. வேடிக்கை நடையை நிறுத்திய பிறகுதான். காலின் ரத்தக்குழாய்கள் உடனே சுருங்குவதில்லை, சில மணி நேரம் தளர்ந்தே இருக்கும். அதனால் நடந்து முடித்தவரின் அளவு நடப்பதற்கு முன்பிருந்ததைவிடக் கீழே போய், சிலருக்கு ஒரு நாள் வரைகூட அப்படியே நிற்கும். அந்த இறக்கம் தீர்வதற்குள் அடுத்த நடை வந்துவிட வேண்டும். வாரத்தில் பெரும்பாலான நாள் நடக்கச் சொல்வதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து கிலோமீட்டர் நடந்து தீர்த்துக்கொள்ள முடியாததும் இதனால்தான். வாரக்கணக்கில் பழகப் பழக இன்னும் ஆழமான மாற்றம் வரும். ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை நன்றாகச் சுரந்து குழாயை இளக்கும். எப்போதும் சண்டைக்கு ஆயத்தமாக விறைத்திருக்கும் நரம்புகளின் முறுக்கும் குறையும்.

எவ்வளவு இறங்கும்? பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவில் 5 முதல் 8 பாயிண்ட் வரை என்று 2017-ல் வந்த அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. பொருட்காட்சிப் பையன் காட்டிய பதினாறுக்கு முன்னால் இது சொற்பமாகத் தெரியும். ஆனால் இது நிற்கிற இறக்கம். மருந்தால் மேல் அளவு 5 பாயிண்ட் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய தாக்குதல்கள் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்ததை, 48 பரிசோதனைகளில் கலந்துகொண்ட 3,44,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசி 2021-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு என்று சென்னையை மையமாகக் கொண்டு நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு 2023-ல் சொன்னது. இத்தனை பேருக்கும் சேர்த்து அந்த ஐந்து பாயிண்ட்டை நினைத்துப் பாருங்கள்.

கணக்கு வாரத்துக்கு 150 நிமிடம். அரை மணி வீதம் ஐந்து நாள். வேகம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் நாடி எண்ணச் சொல்வதில்லை, ஏனென்றால் அட்டெனலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அட்டவணையில் போட்ட எண்ணைத் துரத்தி மூச்சு வாங்கிப் போவார்கள். கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். எங்கள் மைதானத்தில் அண்ணாச்சிமார் அரசியல் பேசிக்கொண்டு போவது பேச்சு, நடை அல்ல. எதிரே வருகிறவருக்கு வழிவிட நின்று, நின்ற இடத்தில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, அப்படியே டீக்கடைக்குத் திரும்பிவிடுவார்கள். டீயும் வடையும் ஆன பிறகு என்ன இறங்கும்?

மொட்டைமாடியில் கோலப்பொடியால் எட்டு போட்டு நடப்பதைப் பற்றிக் கேட்பார்கள். வெளியே போக வசதியில்லாத பெண்களுக்கு அது நல்ல ஏற்பாடு. பலன் எட்டிலிருந்து வருவதில்லை, நடையிலிருந்து வருகிறது. வளைவு சிறியதாக இருந்தால் திரும்பித் திரும்பியே வேகம் போய்விடும், தலைசுற்றுகிறவர்களுக்கு ஆகாது. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. அதிலும் எட்டு. முதல் நாளே முழு தூரமும் போகத் தேவையில்லை, பாதியில் திரும்பினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

பாதமும் நடையும் ஒன்றுசேர்ந்த சோதனையும் உண்டு. சீனப் பூங்காக்களில் முதியவர்கள் கூழாங்கல் பாதையில் நடப்பதைப் பார்த்து, அமெரிக்காவின் ஆரிகன் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபூஜோங் லீ குழுவினர் பிளாஸ்டிக்கில் கல் விரிப்பு செய்து 108 முதியவர்களிடம் பரிசோதித்தார்கள். பாதிப் பேர் விரிப்பில், மீதிப் பேர் சாதாரணத் தரையில். பதினாறு வாரம் கழித்துப் பார்த்தால், விரிப்பில் நடந்தவர்களுக்கு உடம்பின் நிலைதடுமாறாத தன்மை கூடியிருந்தது, பிரஷரின் கீழ் அளவும் மற்றவர்களைவிட இறங்கியிருந்தது. 2005-ல் வெளியான இதை மதினி ஆவலாகக் கேட்டுக்கொண்டார். நானும் மறைக்காமல் சொன்னேன். ஆனால் அங்கே யாரும் படுத்திருக்கவில்லை, எல்லோரும் காலை ஊன்றி நடந்தார்கள். மேடுபள்ளத்தில் ஒவ்வோர் அடியும் தசைக்குக் கூடுதல் வேலை.

சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு கூழாங்கல்லில் ஏறக் கூடாது. பாத உணர்ச்சி மரத்துப்போனவருக்குக் கல் குத்திப் புண்ணானது தெரியாது, வெந்நீர் சுட்டதும் தெரியாது. அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். 'நீர் கோத்திருக்கு, அமுக்கினால் வடியும்' என்று பாயில் வந்து படுப்பார்கள். அது மாத்திரையின் பக்க விளைவு, மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிக்கொடுப்பார். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் யாரையும் தொடவிடக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. நடைக்கும் வரம்பு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 180/110-ஐத் தாண்டினால் முதலில் மருத்துவமனை, பிறகு மைதானம். வேகமாக நடந்து சட்டென்று நிற்காதீர்கள், குழாய்கள் தளர்ந்திருக்கும் நேரத்தில் ரத்தம் காலிலேயே தங்கிக் கண் இருட்டும். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். சித்திரை வெயிலில் நீர்மாத்திரைக்காரர்கள் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது.

அளக்கிற நேரம் காலை. சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் நடைக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருப்பது நல்லது. மாத்திரையைக் குறைக்கலாமா என்று மருத்துவர் யோசிப்பது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

மதினி இப்போது பாத அழுத்தத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார், தூங்கப் போகிற நேரத்துக்கு அது தோதாம். காலையில் வருகிறவர்களை, "மைதானத்துக்குப் போய்ட்டு சாயங்காலம் வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார். வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று என்னிடம்தான் முறையிடுகிறார். புதிதாக வருகிறவரிடம் முதலில் மாத்திரை அட்டையைக் கேட்கிறார், பிறகு விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறார், அதற்கப்புறம்தான் பாயை விரிக்கிறார்.